மரமில்லாத தீவு

வட இங்கிலாந்தில், அதிலும் எங்கள் ஓல்டாமில், மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை, ஐயா. பெய்யாத அன்றுதான் சொல்வோம். அப்படிப்பட்ட ஊரில் அறுபது வயதுக்காரி ஒருத்தி கொஞ்சம் வெயிலுக்கு ஆசைப்பட்டதை நீங்கள் குற்றமாகச் சேர்க்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

என் கணவர் நார்மனுக்கு வெளிநாட்டு வெயிலில் நம்பிக்கை கிடையாது. முப்பத்து நான்கு ஆகஸ்ட் மாதங்கள் என்னை வேல்ஸ் கடற்கரையில் நிற்கும் அதே கேரவன் என்ற சக்கர வீட்டுக்குத்தான் அழைத்துப் போனார். தகரக் கூரையில் மழை கொட்ட, அவர் குறுக்கெழுத்துப் போடுவார். நான் அவருடைய காலுறைகளைக் காயவைக்க இடம் தேடுவேன். என்றைக்குக் கிளம்புவது, என்றைக்குத் திரும்புவது எல்லாம் அவர் முடிவு. நான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

இந்த ஈஸ்டர் அன்று ஆட்டுக்கறியை மென்றுகொண்டே, "வீட்ட வித்துட்டு கேரவன்லயே குடியிருந்துடலாம், ஹேசல். உனக்கும் பெருக்குற வேல மிச்சம்" என்றார். எவ்வளவு கரிசனம் பாருங்கள். செப்டம்பரில் கையெழுத்துப் போட்டு வீட்டை வாங்க ஆளும் பிடித்துவிட்டார். பதிலுக்கு, என் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு பெரிய மனசு: "இந்த ஒரு தடவ எந்த ஊருக்குப் போறதுன்னு நீயே முடிவு பண்ணிக்க. டீ மட்டும் ஒழுங்கா கெடைக்கணும்."

பயண ஏற்பாட்டுக் கடையில் லொரைன் என்ற தங்கமான பெண் இருந்தாள். மத்தியதரைக் கடல் முழுவதையும் மேசையில் விரித்துவிட்டாள்.

"மால்டா போங்களேன். எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்க, ஆஸ்பத்திரி அவ்வளவு நல்லா இருக்கும்."

"வேற பாரும்மா."

"மயோர்கா? லீவுக்கு உங்க தெருவே அங்கதான் இருக்கும்."

"அதுக்குத்தான் வேணாங்கறேன்."

கடைசியில் ஒரு சின்ன கிரேக்கத் தீவில் என் விரல் நின்றது. அவள் முகம் சுருங்கியது. "அது வெறும் பாறைங்க. ஒரு மரம் கெடையாது. டாக்டர் வேணும்னா கப்பல்ல போகணும், அதுவும் ஒரு நாளைக்கு ஒண்ணுதான். ஆகஸ்ட்ல கழுதகூட வெளிய வராது."

"எங்க வீட்டுக்காரருக்கு அமைதி பிடிக்கும்" என்றேன். என் சமையலறை இழுப்பறையிலிருந்து நீங்கள் எடுத்தீர்களே, லொரைன் கொடுத்த பயணப் புத்தகம், அதில் மற்ற தீவுகளின் மேல் பெருக்கல் குறி போட்டது நான்தான். ஒரு பெண்ணுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியும் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

நார்மனுக்கு ஈஸ்டருக்கு முன்பே, மார்ச்சில், நெஞ்சுவலி வந்திருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரை உடம்பிலுள்ள நீரை இறக்கிவிடுமாம். "வெயில் ஆகாது, தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும்" என்று என்னிடம்தான் சொன்னார். டாக்டர் பேசும்போது நார்மன் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தார்.

போன இடத்தில் அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார். அதை எழுதிக்கொள்ளுங்கள். விடிந்ததும் எழுந்து, அங்கே வந்திருந்த ஜெர்மன்காரர்களுக்கு முன்னால் கடற்கரைக்கு ஓடிப்போய், முதல் வரிசைச் சாய்வுக் கட்டில்களில் எங்கள் துண்டுகளை விரித்துவிட்டு வருவார். வெயிலை நம்பாதவருக்கு வரிசையில் அவ்வளவு நம்பிக்கை. துண்டு விரித்த கட்டிலை யாரும் தொடக் கூடாது. எங்கள் ஜனங்கள் தேவாலயத்தில்கூட அவ்வளவு பயபக்தியாக நடந்துகொள்வதில்லை.

நான்காம் நாள் மதியம் இரண்டு பீர் குடித்துவிட்டுத் தூங்கிப்போனார். எங்கள் இருவருக்கும் ஒரே குடை. குடையை நான் தொடவே இல்லை, ஐயா. நிழல்தான் நகர்ந்தது. அதனோடு நானும் என் கட்டிலை நகர்த்திக்கொண்டேன். நான்கு முறை.

கட்டில் வாடகை வாங்கும் ஸ்தமாத்தியா வந்து நின்றாள். பாவம், நல்ல மனசு. "அம்மா, ஐயா ரொம்பச் செவந்துட்டாரே. எழுப்பட்டுமா?"

"எங்க ஊர்க்காரங்க இதுக்குத்தான் பிளேன் ஏறி வர்றாங்க. தூங்கட்டும் விடு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். சிவந்து கிடக்கும் ஆங்கிலேயனை அந்தக் கடற்கரையில் யார் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

ஒரே ஒரு முறை அவர் கண்ணைத் திறந்தார். "ஹேசல், தண்ணி" என்றார். புட்டி என் மடியில்தான் இருந்தது. கொடுப்பதென்றால் கையை வெயிலுக்குள் நீட்ட வேண்டும். என் தோல் சட்டென்று கன்றிவிடும் ரகம். கையிலிருந்த நாவலில் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று படித்துக்கொண்டிருந்தேன். அத்தியாயமே முடிந்துவிட்டது. பிறகு அவர் கேட்கவில்லை.

நான் கொன்றேனா என்று கேட்கிறீர்கள். ஆமாம் என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு. பதினான்கு நாளைக்குப் போன பயணம் அது. இன்னும் பத்து நாள் வெயில் மிச்சமிருந்தது. மறுநாள் கப்பலிலேயே அவரோடு நானும் திரும்ப வேண்டியதாகிவிட்டது. என்றைக்குத் திரும்புவது என்பதை, அந்த ஒரு தடவையாவது அவர் என்னிடம் விட்டிருக்கலாம்.