கண்டி பாக்காத கொழும்பு மாப்பிள்ளை

...அதெல்லாம் ஒரு பதிலாங்க? நீங்களே சொல்லுங்க. நேத்து எங்க ஊட்டுக்குப் பொண்ணு பாக்க வரீங்க. எங்கப்பா ஆவடி ஃபேக்டரிக்கு லீவு போட்டுட்டு காத்துகினு இருக்காரு. அம்மா விடியறதுக்குள்ள கேசரி கிண்ட ஆரம்பிச்சிட்டாங்க. கொழும்புல எட்டு வருஷமா இருக்கற மாப்பிள்ளையாச்சேன்னு நான் ஆசையா ஒண்ணு கேட்டேன், சிகிரியா மலக்கோட்ட பாத்திருக்கீங்களான்னு. இல்லன்னு தலைய ஆட்டறீங்க. சரி போவட்டும், கண்டி? அதுக்கும் அதே ஆட்டு. இன்னாங்க இது... காலையில கொழும்புல ரயிலேறினா மத்தியானம் கண்டியில எறங்கி சாப்டலாமாம். வாடக காரு கூட வேணாம்.

உக்காருங்க. ஏன் நின்னுகினே இருக்கீங்க? பெஞ்சு காலியாத்தான இருக்குது. அரக்கோணத்துலேர்ந்து வர்ற பேசஞ்சர் என்னிக்கு டயத்துக்கு வந்துது, இன்னிக்கு வர? நீங்க எதுக்கு காலங்காத்தால செவ்வாப்பேட்ட ஸ்டேஷனுக்கு வந்து நிக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். "ஊருக்குப் போய் சொல்லியனுப்பறோம்"னு உங்க அக்கா சொல்லிட்டுப் போனாங்களே, அதுக்கு இன்னா அர்த்தம்னு எம்.ஏ. படிக்கற பொண்ணுக்குப் புரியாதா? வேணாம்னு அர்த்தம். அத நீங்களே நேர்ல சொல்லிடலாம்னு வந்திருக்கீங்க. நல்ல மனசுதான், நான் இல்லன்னு சொல்லல. சொல்லிட்டுப் போங்க. ஆனா நான் பேசி முடிச்சப்பறம் சொல்லுங்க.

அங்க திரும்பாதீங்க. தண்ணிக்குழாய்கிட்ட கொட மடக்கி வெச்சிகினு ஒரு பொண்ணு நிக்குது பாருங்க, அது விக்டோரியா. தெனம் என்கூட வர்ற பொண்ணு. திரும்பாதீங்கன்னா திரும்பறீங்களே. போச்சு. இனிமே பேசின் பிரிட்ஜ் போறதுக்குள்ள லேடீஸ் பெட்டி பூரா தெரிஞ்சிடும், கனகாம்பாள் ஒரு ஆளோட ஒக்காந்து பேசிக்கினு இருந்தான்னு. பேசினது நான் மட்டுந்தான்னு சேத்து சொல்லுவாளா? சொல்ல மாட்டா.

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்... ஆங், நேத்து கத. உங்க அக்கா என்னைய பாடச் சொன்னாங்க. நான் ஹிஸ்டரி ஸ்டூடண்ட்டுங்க, எனக்கு பாட்டு வராது. அதனாலதான் கேள்வி கேட்டேன். அது ஒரு தப்பா? சோழன் படையக் கட்டிகினு உங்க பக்கம் வந்தான். பொலன்னறுவையில ஒக்காந்து ராஜ்யம் பண்ணான், சிவன் கோயில் கட்டினான், இன்னிக்கும் நிக்குது. நீங்க உங்க ஊரு ஆர்.கே.பேட்ட கைலி மூட்டையக் கட்டிகினு போனீங்க. கொழும்பு புறக்கோட்டக் கடைத்தெருவுல கடையத் தொறந்தீங்க, கடைக்கு மேல ரூம்ல படுத்தீங்க, மறுபடியும் எறங்கி கடையத் தொறந்தீங்க. எட்டு வருஷம் ஏணிப்படியிலயே போச்சு.

இல்ல, பொறுங்க. காலிமுகத்திடல் பாத்தீங்களா? பாத்தேன்றீங்க. எப்டி பாத்தீங்க? பஸ்ஸுல போகசொல்ல ஜன்னல் வழியாவா? அதுக்குப் பேரு பாக்கறதாங்க? சாயங்காலம் புல்லுல ஒக்காந்து, இறால் வடைய கையில வெச்சிகினு, சூரியன் கடல்ல எறங்கற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. அதுதான் பாக்கறது. சிரிக்காதீங்க. எனக்கு எப்டி தெரியுமா? யூனிவர்சிட்டி லைப்ரரியில இலங்கையப் பத்தி எத்தன புஸ்தகம் இருக்குதோ அத்தனையும் படிச்சாச்சு.

எல்லாம் தரகர் துளசிராமன் பண்ண வேல. ஒரு மாசமா அந்த மனுஷன் எங்கப்பாகிட்ட இலங்கையவே வித்துகினு இருந்தாரு. சாயங்காலமானா வந்துடுவாரு. ஒரு நாளிக்கு கண்டி யானை ஊர்வலம், ஒரு நாளிக்கு பேராதனத் தோட்டம், ஒரு நாளிக்கு திருக்கோணமல பக்கம் கன்னியா வெந்நீர் கெணறு, ஒவ்வொரு கெணத்துலயும் ஒவ்வொரு சூடாம். பொண்ணுக்குக் குடுத்து வெச்சிருக்குன்னுவாரு. எங்கம்மா வாயத் தொறந்துகினு கேப்பாங்க. நான் உள்ள படிக்கற மாதிரி ஒக்காந்துகினு எல்லாத்தையும் காதுல வாங்கிகினு, மறுநாள் லைப்ரரியில போயி சரிபாப்பேன். பாதி பொய்யி. ஆனா மீதி பாதி நெஜங்க, அதான் வம்பாப் போச்சு.

அப்பறம் நேத்து கேசரி சாப்டுகினே உங்க அக்கா சொன்னாங்களே, கல்யாணம் ஆனதும் பொண்ணு எங்ககூட ஆர்.கே.பேட்டையில இருந்துக்கும், தம்பி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வந்துட்டுப் போவும், கடைக்காரங்க எல்லாருக்கும் அதான் வழக்கம்னு. கையில இருந்த தட்ட அப்டியே கீழ வெச்சிட்டேன். அப்ப யானை யாருக்கு? வெந்நீர் கெணறு யாருக்கு? நான் கேட்ட கேள்வியில உங்களுக்குக் கோவம் வந்திருக்கும். வரட்டும். பொண்டாட்டிய இந்தக் கரையில உட்டுட்டு, அந்தக் கரையில எதையும் பாக்காம இருக்கறதுக்குப் பேரு வழக்கம்னா, அந்த வழக்கத்துமேல எனக்கு மரியாத கெடையாது. அத யார்கிட்ட வேணாலும் வாதாடுவேன், உங்க அக்காகிட்டயும்.

அதுவும் உங்களுக்கு அங்க தங்கறதுக்கு பர்மிட்டுன்னு ஒண்ணு இருக்காம். வருஷா வருஷம் புதுப்பிக்கணுமாம். ஒரு வருஷம் முடியாதுன்னுட்டாங்கன்னு வெச்சிக்கோங்க, மூட்டையக் கட்டிகினு தலைமன்னார்ல கப்பலேறி, தனுஷ்கோடியில எறங்கி வருவீங்க. இலங்கையில இன்னாப்பா பாத்தன்னு ஊர்ல கேப்பாங்க. கடைக் கதவு பச்ச கலருன்னு சொல்லுவீங்களா?

...இன்னா கேட்டீங்க? இன்னொரு தரம் கேளுங்க. பழவேற்காடு நான் பாத்திருக்கேனாவா?

அது... அது வேற விஷயம். அது இங்கதான இருக்குது, எப்ப வேணாலும் போலாம். இல்ல, போனதில்ல. மகாபலிபுரமும் போனதில்ல. காலேஜுல டூரு கூட்டிகினு போனாங்க, அப்பா வேணான்னுட்டாரு. யார் கூட்டிகினு போவாங்க என்ன? நீங்க ஆம்பள. ஒரு ஞாயித்துக்கெழம சட்டைய மாட்டிகினு ஸ்டேஷனுக்குப் போனா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. நான் ஊடு, இந்த பிளாட்பாரம், சேப்பாக்கம் யூனிவர்சிட்டி, மறுபடியும் இந்த பிளாட்பாரம். மீதி எல்லாம் புஸ்தகம்தான். அதனாலதான் எனக்கு வயிறு எரியுது உங்களப் பாத்தா. போக முடியற ஆளு போகாம இருந்தா எப்டி இருக்கும் எனக்கு?

சரி, நீங்க சொல்ல வந்தத சொல்லிடுங்க. நான் முடிச்சிட்டேன். வேணாம்னுதான, சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல.

...இன்னா?

"தனியா போய் பாத்துட்டு வந்து யார்கிட்ட சொல்றது"ன்னா... அதனாலயா போகல? எட்டு வருஷமும்?

இத நேத்தே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா? சபையில வராதா? ஸ்டேஷன்ல மட்டும் வருமா? நான் ராத்திரி பூரா உங்கள மனசுக்குள்ள திட்டிகினு கெடந்தேன், அதெல்லாம் வேஸ்ட்டா இப்ப? இருங்க, இருங்க. உங்க அக்கா ஆர்.கே.பேட்டன்னாங்களே, அதுக்கு இன்னா வழி? ...நேத்து ராத்திரியே சொல்லிட்டீங்களா? நீங்களா? வாயத் தொறந்தா? பொண்ணு என்கூட கப்பலேறும்னு அப்டியே சொன்னீங்களா? அவங்க இன்னா சொன்னாங்க? அழுதாங்களா... அப்பறம்? ஆவணியில வெச்சிக்கலாம்னு ஒத்துகினாங்களா?

ஆவணியா? அதெல்லாம் முடியாதுங்க. இன்னா ஆளு நீங்க, எட்டு வருஷம் இருந்துட்டு இதுகூடவா தெரியாது? சிவனொளிபாத மலன்னு ஒண்ணு இருக்குதே, ஏறிப் போற வழியெல்லாம் படிக்கட்டு, உச்சியில நின்னா விடியறப்போ மல நெழலு மேகத்து மேல முக்கோணமா உழும். அது வைகாசி பௌர்ணமி வரைக்குந்தான். அதுக்கப்பறம் மழையும் காத்தும், ஒருத்தரும் ஏற மாட்டாங்க. ஆவணியில கல்யாணம் பண்ணிகினு போயி அடிவாரத்துல கொட புடிச்சிகினு நிக்கறதா? எனக்கு பரீட்ச ஏப்ரல்ல முடிஞ்சிடுது. சித்திரையில மொத முகூர்த்தம் எதுன்னு உங்க அக்காவ இன்னிக்கே பஞ்சாங்கம் பாக்கச் சொல்லுங்க.

வண்டி வந்துடுச்சி. நான் லேடீஸ் பெட்டிக்குப் போறேன். நீங்க இன்னாத்துக்கு சிரிக்கறீங்க? நான் சம்மதம்னு எங்கயாவது சொன்னேனா? மல ஏறத் தேதி சொன்னேன், அவ்ளோதான்.