நாங்கள் மூவரும் டயட்டில் இருந்தோம்

விழாவுக்குத் தலைமை தாங்கி, என் பேச்சு எப்போது முடியும் என்று சுவர்க் கடிகாரத்தைக் கருணையோடு கவனித்துக்கொண்டிருக்கும் துணைவேந்தர் அவர்களே; எனக்கு முன்னால் பேசி, சுதந்திரம் என்னும் சொல்லை முப்பத்தொரு முறை முழங்கி அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே; விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் பிள்ளையின் பெட்டி மேலேயே உட்கார்ந்திருக்கும் தந்தையரே; தலையணை உறையை எடுத்து வைத்தோமா என்று இந்த நிமிடமும் யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே; இவர்களெல்லாம் எப்போது கிளம்புவார்கள் என்று பொறுமையோடு காத்திருக்கும் முதலாமாண்டுச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். நீங்கள் குடிக்கும் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கண்டு சொல்வது என் தொழில். இன்று உங்களுக்குக் கிடைத்திருக்கும் சுதந்திரத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்ல அழைத்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே அரங்கில், இடப்பக்கம், மின்விசிறி ஓடாத வரிசையில் நானும் அமர்ந்திருந்தேன். அந்த மின்விசிறி இன்றும் ஓடவில்லை. மரபைக் காப்பதில் நம் பல்கலைக்கழகத்துக்கு நிகர் ஏது? சிரிக்காதீர்கள், அங்கே இருப்பவர்களுக்கு உண்மையிலேயே வியர்க்கிறது.

என் அப்பா தையற்காரர். பள்ளிச் சீருடை தைப்பவர். ஒரு பருவம் முழுக்கத் தைத்துச் சேர்த்ததை ஓர் உறையில் போட்டு, அந்த உறையின் வாயையும் தைத்து என் கையில் கொடுத்தார். "நாலு மாசத்துக்கு இது. பாத்துச் செலவு பண்ணும்மா" என்றார். அவர் போட்ட தையலைப் பிரிக்க எனக்கு அரை நிமிடம் ஆயிற்று.

ஆகா, அந்த முதல் வாரம். எழுப்ப ஆளில்லை, எங்கே போகிறாய் என்று அதட்ட ஆளில்லை, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க ஆளில்லை. எட்டு மணி வேதியியல் வகுப்புக்குப் போகாதிருக்கும் உரிமை. பத்து மணி வகுப்புக்குப் போய்த் தூங்கும் உரிமை. துணியைத் துவைக்காமலே திருப்பிப் போட்டுக்கொள்ளும் உரிமை. எத்தனை உரிமைகள், எவ்வளவு எளிதாக. அம்மாவின் குரலுக்கு இனி அடங்க மாட்டேன் என்று புறப்பட்டு வந்த வீராங்கனை, ஓர் இரும்புக் கட்டிலுக்கு அடங்கிக் கிடந்தாள்.

எங்கள் அறையில் மூன்று கட்டில்கள். ஒன்றில் நான். இரண்டாவதில் நெட்டை. கைப்பந்து ஆடுபவள், கட்டிலுக்கு வெளியே முழங்கால்வரை நீட்டிக்கொண்டு தூங்குபவள். மூன்றாவதில் மகாராணி. மடிப்புக் கலையாத உடை, முடி கலையாத தலை, அவள் வருவதற்கு முன்பே வந்து சேரும் வாசனை. பெரும் பணக்காரி. அப்படி அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களாகவே முடிவு செய்து, நாங்களாகவே வியந்துகொண்டோம்.

அப்படிப்பட்டவள் எதிரில் காசை எண்ணி எண்ணிச் செலவழித்தால் நம் மானம் என்ன ஆவது? காலணி வாங்கினேன். கைப்பை வாங்கினேன். சுருட்டை முடியை நேராக்கினேன். அடுத்த வாரம் மழை பெய்தது, முடி தன் கொள்கைக்கே திரும்பிவிட்டது. யாருக்காவது பிறந்தநாள் என்றால் விருந்து, தேர்வில் தேறினால் விருந்து, தேறாவிட்டால் ஆறுதல் விருந்து. நான்கு மாதப் பணம் ஆறாவது வாரத்தில் அமைதியாக முடிந்தது.

உடனே எங்கள் அறையில் ஆரோக்கியத்தைப் பற்றிய விழிப்புணர்ச்சி உண்டாயிற்று.

விடுதிச் சாப்பாட்டுக்கு மாதந்தோறும் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. "நான் டயட்ல இருக்கேன்" என்றேன். நெட்டை, துடைப்பக்குச்சி போன்ற தன் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நானும் ரொம்ப வெயிட் போட்டுட்டேன்டி" என்றாள். மகாராணி கண்ணாடியில் பார்த்தபடியே, "எனக்கு ஒரு வேளை சாப்பிட்டாலே அதிகம்" என்றாள். எங்கள் மூவரையும் ஒன்றாகத் தராசில் ஏற்றினாலும், மேடையில் இருக்கும் ஒரு பெரியவரின் எடை வந்திருக்காது. மன்னிக்க வேண்டும், யாரையும் குறிப்பிடவில்லை. மதியத் தூக்கம் என்ற பெயரில் மூவரும் போர்த்திக்கொண்டு படுப்போம். ஏதோ ஒரு போர்வைக்குள்ளிருந்து பிஸ்கட் பொட்டலம் பிரியும் ஓசை வரும். மூவருக்கும் கேட்கும். மூவரும் எலி என்போம்.

அம்மா தொலைபேசியில் அழைப்பார்.

"என்னம்மா சாப்பிட்ட?"

"சோறு, ரெண்டு காய், முட்டை. அப்புறம் ஆப்பிள்."

"தினமும் ஆப்பிள் குடுக்குறாங்களா?"

"ஆமாம்மா. சில நாள் ரெண்டு."

அம்மா தொலைபேசியை மூடாமலே அப்பாவிடம், "நல்ல எடத்துலதாங்க சேத்திருக்கோம்" என்றார். இவ்வளவு கற்பனை வளத்தை வேதியியல் துறைக்குத் தாரைவார்த்துவிட்டதே நம் இலக்கியத் துறை என்று இன்றும் வருந்துகிறேன்.

பசியைக் கற்பனை ஆற்றாது என்று தெரிந்ததும் வேலை தேடினேன். மருத்துவமனை விரிப்புகளை வெளுத்துத் தேய்க்கும் சலவைக் கூடம். மதியம் ஒன்றிலிருந்து ஆறு வரை நீராவிக்கு நடுவே நிற்க வேண்டும். செய்முறை வகுப்பு இரண்டு மணிக்கு. இரண்டில் எது முக்கியம்? வயிறு உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அறையில் என்ன சொல்வது? சலவைக் கூடம் என்று சொல்ல முடியுமா? "மியூசிக் கிளாஸ் போறேன்" என்றேன். ஒருநாள் நெட்டை என் கையிலிருந்த கொப்புளத்தைப் பார்த்து, "என்ன வாத்தியம்டி அது, சுடுது?" என்று கேட்டாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

அந்த மாதம் மகாராணிக்குப் பிறந்தநாள் வந்தது. எங்களை அழைத்துப் போய் வயிறு நிறைய வாங்கிக்கொடுத்தாள். டயட்டை மறந்து தின்றோம். வெட்கத்தோடு சொல்கிறேன், மிச்சத்தையும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டோம். மறுநாள் அவள் மணிக்கட்டில் கைக்கடிகாரம் இல்லை. "ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்" என்றாள். நம்பினோம். நம்புவதற்குச் செலவில்லை அல்லவா?

அதற்கு மூன்றாவது வாரம், திங்கட்கிழமை மாலை. அறைக்கு வந்தால் மூன்றாவது கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அலமாரி திறந்து கிடந்தது. விடுதிக் காப்பாளர் அம்மா வாசலில் நின்று சொன்னார்: "அந்தப் பொண்ணு ஃபீஸ் கட்டல. மூணு நோட்டீஸ் குடுத்தாச்சு. காலைலயே சாவியக் குடுத்துட்டுப் போயிட்டா. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. ஒரே அறையில் ஒன்பது அடி இடைவெளியில் தூங்கினோம். அவள் பெயருக்கு வந்த மூன்று அறிவிப்பில் ஒன்றைக்கூட நாங்கள் அறியவில்லை.

அந்த வெறுங்கட்டிலில் நானும் நெட்டையும் உட்கார்ந்தோம். பிறகு நெட்டை, "நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு."

"நான் டயட்ல இல்ல."

"நானும் இல்ல" என்றேன்.

"தெரியும்டி. மியூசிக் கிளாஸ் போற யாருக்கும் சட்டையில சோப்பு வாசன வராது."

முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்த வேகத்திலேயே அவள் அழுதாள், நானும் அழுதேன். அழுகை ஓய்ந்ததும் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, காசு எப்பவோ தீந்துடுச்சு. நான்தான் கண்டபடி செலவு பண்ணிட்டேன்" என்றேன். மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது. திட்டு வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். "எத்தன நாளா சாப்பிடாம இருக்க?" என்றார். திட்டு அதற்குப் பிறகு வந்தது, தாராளமாக வந்தது. ஆனால் முதலில் வந்தது அந்தக் கேள்வி.

மறுநாள் நாங்கள் இருவரும் மாணவர் உதவி நிதிப் பிரிவுக்குப் போனோம். அப்படி ஒரு பிரிவு உண்டு, செல்வங்களே. கையேட்டின் முதல் நாற்பது பக்கங்களில் நீச்சல் குளத்தின் படங்கள் இருக்கும். அவற்றையெல்லாம் தாண்டினால் நாற்பத்தோராம் பக்கத்தில், எறும்பும் குனிந்து படிக்க வேண்டிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அங்கிருந்த எழுத்தர் அம்மா படிவத்தை நீட்டியபடி சொன்னார்: "அறுவது பேருக்குக் குடுக்கலாம். வந்தது பத்தொம்பது பேரு. மீதிய வருசாவருசம் திருப்பி அனுப்புறோம்."

"ஏன் மேடம் யாரும் வரல?"

"நீ ஏன் இத்தன நாளா வரல?"

மகாராணியின் அடையாளத்தைச் சொல்லி, அவள் வந்தாளா என்று கேட்டேன். எழுத்தர் அம்மா யோசித்தார். "நல்லா டிரஸ் பண்ணிட்டு ஒரு பொண்ணு வந்தா. வரிசைல நின்னா. பின்னாடி யாரோ தெரிஞ்சவங்க வர்றதப் பாத்ததும், 'இங்க தண்ணி எங்க இருக்கு'ன்னு கேட்டுட்டுப் போயிட்டா."

மீதமாகித் திரும்பிப் போகிற பணம் ஒரு பக்கம். தண்ணீர் கேட்டுத் திரும்பிப் போகிற பெண் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே இருந்தது என்ன? ஒரு கண்ணாடிச் சன்னல். அதைவிடத் தடிமனாக, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்கிற நினைப்பு.

விடுதியில் முகவரி வாங்கிக்கொண்டு, அந்தச் சனிக்கிழமையே நான்கு மணி நேரம் பேருந்தில் போனோம். மகாராணியின் அப்பா லாரி ஓட்டுநர். இடுப்பு முறிந்து ஐந்து மாதமாகப் படுக்கையில் இருந்தார். மகளைக் கடைத்தெருவில் பார்க்கலாம் என்றார் அவள் அம்மா. செருப்புக் கடையில் மண்டியிட்டு, யாரோ ஒருவர் காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அன்றும் முடி கலையவில்லை.

எங்களைப் பார்த்ததும் முகம் கறுத்தது. "இங்க எதுக்கு வந்தீங்க?"

"செருப்பு வாங்க" என்றாள் நெட்டை.

"உன் சைஸ் ஆம்பளைங்க பக்கம் இருக்கு."

எங்களை மீறிச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். "ஏண்டி ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டேன்.

"உங்ககிட்டயா? ஒருத்தி காசு குடுத்து மியூசிக் கத்துக்கிறா. இன்னொருத்தி வெயிட் போட்டுட்டேன்னு அழறா. பணக்காரங்க நடுவுல மாட்டிக்கிட்டோம்னு நெனச்சேன்."

அவையோரே, மூன்று ஏழைகள், ஒருவரையொருவர் பணக்காரர் என்று நம்பி, ஒருவருக்கொருவர் விருந்து வைத்தே ஓட்டாண்டி ஆனோம். வேறெந்த ஆராய்ச்சிக்கும் குறையாத இந்தச் சாதனைக்கு இன்றுவரை பட்டம் எதுவும் தரவில்லை.

படிவத்தை அவள் மடியில் வைத்தோம். அவள் அன்று எங்களோடு வரவில்லை. அப்பா எழுந்து நடக்கும்வரை கடையை விட முடியாது என்றாள். அந்த ஆண்டு அவளுக்குப் போனது போனதுதான். உதவி நிதியால் அதைத் திருப்பித் தர முடியவில்லை. எனக்கும் செய்முறைத் தேர்வில் இரண்டு தாள் போயிற்று. அடுத்த ஆண்டு படிவத்தோடு வந்தாள், எங்களுக்கு ஓராண்டு இளையவளாக. விடுதி நடைபாதையில் எங்களைக் கண்டால் வேண்டுமென்றே உரக்க, "வணக்கம் அக்கா" என்பாள். இன்று என்னைப்போல் இரண்டு மடங்கு சம்பளம் வாங்குகிறாள். வெளியே சாப்பிடப் போனால் மட்டும், விலைப் பட்டியலைக் கூச்சமில்லாமல் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள்.

எனக்கு முன்பு பேசியவர்கள் சுதந்திரத்தின் பலவகைகளைப் பட்டியலிட்டார்கள். சிந்திக்கும் சுதந்திரம் என்றார்கள், கேள்வி கேட்கும் சுதந்திரம் என்றார்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். "என்னிடம் காசில்லை" என்று நிமிர்ந்து நின்று சொல்லும் சுதந்திரம். வகுப்பை மட்டம் போடத் துணிந்த நமக்கு, வார்டனை ஏய்க்கத் துணிந்த நமக்கு, பெற்றவர்களிடம் ஆப்பிள் தின்றதாகப் புளுகத் துணிந்த நமக்கு, அந்த இரண்டு சொல்லைச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லையே, ஏன்? இல்லாதது குற்றமா? இருப்பதாக நடிப்பது பெருமையா? நடித்து நடித்து நாங்கள் இழந்தது பணத்தையா, பக்கத்துக் கட்டிலில் இருந்தவளையா?

இன்னும் சற்று நேரத்தில் இந்தக் கூட்டம் கலையும். வாசலில் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே, உங்கள் அப்பா கடைசியாகத் திரும்பி வந்து, "காசு போதுமா?" என்று கேட்பார். எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுபோல "போதும்பா" என்று சொல்லிவிடாதீர்கள். போதாதென்றால் போதாது என்று சொல்லுங்கள். அவரிடம் இல்லையென்றால் அவரும் இல்லை என்று சொல்லட்டும். அதன் பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து, என்ன செய்யலாம் என்று பேசுங்கள்.

பொறுத்திருந்து கேட்ட தலைவருக்கும், வியர்த்தபடியே கேட்ட இடப்பக்கத்து வரிசைக்கும், பெட்டி மேல் அமர்ந்திருக்கும் பெற்றோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.