மில்லுச் சூடு

— கொஞ்சம் ஒரு எடத்துல நில்லு, லூர்து கண்ணு. நீ குறுக்கயும் நெடுக்கயும் நடந்தா பஸ்ஸு சீக்கிரமா வந்துருமா?

— செம்மநத்தம் பஸ்ஸை நம்பி எந்தப் பொழப்பு நடந்துச்சுங்க, காளியாயிக்கா? ரெண்டு மணிக்குள்ள ஆறு புள்ளைங்களையும் மில்லு கேட்டுல நிறுத்தோணும். இல்லீன்னா சூப்பர்வைசரு வேற ஊருப் புள்ளைங்களை எடுத்துப் போட்டுருவாரு.

— அத்தனை பேருமா வந்து நிக்கறாங்க?

— நிக்காமெ? திருப்பூருப் பனியனு கப்பல்ல போவுதுங்க. நூலு பத்தல, நூலு பத்தலன்னு கத்தறாங்க. நான் சேந்தப்போ ஒரே ஷெட்டு. இப்ப மூணாவது ஷெட்டுக்குத் தகரம் போட்டாச்சு. மிசினை நிறுத்தறதே இல்ல. பருத்தி மூட்டை லாரி லாரியா வந்து எறங்குது.

— அங்க பாரேன் எங்க சின்னத்தாயியை. அந்த அஞ்சு புள்ளைங்களோட கல்லு மேல குந்திக்கிட்டு என்னா சிரிப்பு சிரிக்குது! புதுத் தகரப் பொட்டியை நேத்துலேர்ந்து தொறந்து தொறந்து மூடுது. அதுல இருக்கறதே ரெண்டு பாவாடையும் ஒரு சீப்பும்.

— மில்லு டாக்டரு கேட்டா என்ன சொல்லோணும்னு சொல்லிக் குடுத்தீங்களா?

— குடுத்தேன், குடுத்தேன். வயசு பதினெட்டு. ஒரு நோவும் இல்ல. காப்பிப் பழம் பறிச்ச கையி, நூலு அறுந்தா கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள முடிச்சுப் போட்டுரும்.

— அதைச் சொன்னாப் போதுங்க. மலைப் புள்ளைங்க வெரலுன்னா மேஸ்திரிக்கு நொம்பப் புடிக்கும்.

— இழுப்பைப் பத்தி மட்டும் வாயே தொறக்கக் கூடாதுன்னு தலையில அடிச்சுச் சொல்லியிருக்கேன்.

— எந்த இழுப்புங்க?

— அட, உனக்குத் தெரியாதில்ல. மார்கழி பொறந்தா அதுக்கு நெஞ்சு இழுக்கும் சாமி. அடுப்புக்கிட்ட குந்த வெச்சு, மொளகுக் கசாயம் குடுத்து, உப்பு ஒத்தடம் வெச்சு முதுகைத் தடவிக்கிட்டே இருக்கோணும். வெயிலு ஏறுனா கொஞ்சம் தேவல. தை பொறந்தாத்தான் உசுரு திரும்பும்.

— இப்ப மார்கழிதானுங்க?

— அதான், ஒரு வாரமா காத்தால நேரத்துல அவ உன் கண்ணுல படாமப் பாத்துக்கிட்டேன்.

— ஏனுங்கக்கா எங்கிட்ட மறைச்சீங்க?

— சொன்னா நீ வேண்டாம்னுருவியே! நான் அவளை அனுப்பறதே அதுக்காவத்தானே.

— எதுக்காவ?

— நீதானே சொன்னே! கிறிஸ்துமஸ் அன்னைக்குக் கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு, புதுச் செருப்பும் அதுவுமா, 'மார்கழியிலகூட மில்லுக்குள்ள வேத்துக் கொட்டும், போர்வையே வேண்டாம்'னு சொன்னியே. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இந்தக் குளுருதான் எம் புள்ளையைக் கொல்லுது. மூணு வருசம் அந்தச் சூட்டுல இருந்தா இழுப்பு ஓடியே போயிரும். எங்க ஊட்டுக்காரரு வேண்டவே வேண்டாம்னாரு. அவருகிட்ட எத்தனை சண்டை போட்டேன் தெரியுமா?

— மாதாவே...

— என்ன, மறுபடியும் நடக்க ஆரம்பிச்சுட்டே?

— அக்கா, சின்னத்தாயிக்கு ஒயரம் பத்தாதுங்க. இந்தத் தடவை வேண்டாம்.

— என்னது? எஸ்டேட்டு ரைட்டர் ஊட்டுச் செவுத்துல கரிக்கோடு போட்டு அளந்தது யாரு? கோட்டுக்கு மேல ரெண்டு வெரக்கடை நின்னாளே!

— மிசினு ஒசரமுங்க. கையி எட்டாது.

— மரத்துல ஏறி மொளகு பறிக்கறவளுக்கு மிசினு எட்டாதா? வாயில வந்ததைப் பேசாதே. மரியஅந்தோணி மக சாந்தாமேரி இவளை விடக் குட்டை. அவளுக்கு எடம் இருக்குது, எம் மவளுக்கு இல்ல. அவ உங்க கோயிலு, நாங்க சேர்வராயனைக் கும்புடறவங்க. அதானே?

— அய்யோ, அதில்லீங்க! கத்தாதீங்க, புள்ளைங்க பாக்குது. மில்லுக்குள்ள சூடு மட்டும் இல்லீங்கக்கா. பஞ்சு பறக்கும். நான் நிக்கற எடத்துக்குக் கார்டிங்குன்னு பேரு. பஞ்சைச் சீவற மிசினு. எதுத்தாப்புல நிக்கறவ மொகம் தெரியாது. மூக்குல பஞ்சு, கண்ணு ரெப்பையில பஞ்சு, திங்கற சோத்துல பஞ்சு.

— பஞ்சு மெதுவாத்தானே இருக்கும்?

— தலகாணியில மெதுவா இருக்கும். நெஞ்சுக்குள்ள போனா? ஞாயித்துக்கெழம லீவு. திங்கக்கெழம மறுபடி உள்ள போனா, பொழுது எறங்கறதுக்குள்ள மூச்சு அடைச்சுக்கும். உங்க புள்ளைக்கு மார்கழியிலதான் இழுக்குது. எனக்கு வாரா வாரம் இழுக்குது.

— நீ வந்து பத்து நாளாச்சு, ஒரு இருமலு கேக்கலையே?

— மொத ரெண்டு நாளு நான் ஊட்டை விட்டு வெளிய வந்தனா? பஸ்ஸுல வந்த அலுப்புன்னு எங்கம்மாகிட்டச் சொன்னேன். இந்தக் காத்துல சரியாப் போயிருது. அதனால ஆருக்கும் தெரியாது.

— அடிப்பாவி! அப்புறம் எதுக்கு மறுபடியும் போறே?

— இன்னும் பத்து மாசம் கெடக்குதுங்க. மூணு வருசம் முடிக்கலீன்னா கடைசியில மொத்தமாத் தர்றேன்ன பணம் கெடைக்காது. சூப்பர்வைசரு சொன்னாரு, 'ஊர்லேர்ந்து ஆறு புள்ளைங்களைக் கூட்டியா, உன்னைக் கோனு செக்சனுக்கு மாத்தறேன்'னு. அங்க நூலைச் சுத்தற வேலை, இத்தனை பஞ்சு பறக்காது. ஒருத்தி கொறைஞ்சாலும் மாத்த மாட்டேன்னுட்டாரு. சின்னத்தாயிதான் ஆறாவது.

— எம் புள்ளை வரலீன்னா நீ?

— அங்கயே நிக்க வேண்டியதுதான். பயமாத்தான் இருக்குது, இல்லைன்னு சொல்லல. ஆனா இழுக்கற புள்ளையை அந்த மிசினு முன்னால நிறுத்த எனக்கு மனசு வரலீங்க. ஏசப்பா சத்தியமா சொல்றேன், அவளைக் கூட்டிக்கிட்டு ஊட்டுக்குப் போங்க.

— ஏ சின்னத்தாயி! சிரிச்சது போதும், பொட்டியை எடுத்துக்கிட்டு இங்க வா! ஏன்னு கேக்காதே, வாடின்னா வா!

— அந்தா, வளைவுல ஆரன் கேக்குது. நான் வர்றேங்கக்கா. அஞ்சு பேரோட போயி என்ன சொல்லிச் சமாளிக்கறதுன்னு பாக்கறேன்.

— நில்லு கண்ணு. அந்த அஞ்சு பேரையும் எங்க நிறுத்துவாங்க?

— புதுசா வர்றவங்களை மொதல்ல கார்டிங்குலதானுங்க போடுவாங்க.

— மாரியப்பன் மவளையும்? சாந்தாமேரியையும்?

— அவங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்கக்கா. ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக் கேட்டுட்டேன். சின்னத்தாயிதான் மறைச்சுட்டா, மத்தவங்க ஒருத்திக்கும் இழுப்பு இல்ல.

— நீ போறப்போ உனக்கும் இல்லையே, கண்ணு.