நிமியாவின் வாசிப்பில் வலி

ஹார்ப்பைப் பேருந்தில் ஏற்றுவது லேசான வேலை இல்லை, ஐயா. ஆள் உயரத் தந்தி வாத்தியம். எங்கள் ஊர் லுகேயிலிருந்து தலைநகர் அசுன்சியோனுக்கு ஒவ்வொரு கச்சேரிக்கும் அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போனவன் நான்தான். வாசிப்பவள் என் மனைவி நிமியா. அவளை வளர்த்துவிட்டவன் நான்.

அவள் விரல் வேகத்தில் யாருக்கும் குறை இல்லை. வானொலியில் விமர்சனம் சொல்லும் ரோலோன்தான், கை சுத்தம், ஆனால் வாசிப்பில் வலி இல்லை என்றார். நிமியா சிரித்துவிட்டு மறுபடி சாதகம் செய்ய உட்கார்ந்தாள். சாதகம் செய்தால் வலி விரலில்தான் வரும். யாராவது பொறுப்பெடுக்க வேண்டியிருந்தது.

சின்னதாகத்தான் ஆரம்பித்தேன். அவள் ஒரு கிளி வளர்த்தாள். கூப்பிட்டால் பதில் சொல்லும். ஒரு காலையில் கூண்டைத் திறந்துவிட்டேன். அந்த வாரக் கச்சேரியில் முன்வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. பத்திரிகையில் முதிர்ச்சி என்று எழுதினார்கள்.

அடுத்து சுனில்தா. பள்ளிக் காலத்திலிருந்து நிமியாவோடு பாடும் தோழி. இவளைப் பற்றி அவளிடமும் அவளைப் பற்றி இவளிடமும் கொஞ்சம் சொன்னேன். பேச்சு நின்றது. நிமியாவுக்குத் தனிக் கச்சேரிகள் வந்தன.

தேசிய விழாவுக்கு அழைப்பு வந்தபோது, இதெல்லாம் போதாது என்று தெரிந்தது. வீட்டில் மிச்சம் இருந்தவர் அவள் அம்மா பெர்லா. எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது. தினமும் தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "ஏன் மாப்ளே, பொட்டி தூக்குறதத் தவிர வேற வேல பாக்குற யோசன எதுவும் இருக்கா?" என்று கேட்பார். வேடிக்கையாகப் பேசுகிற மனுஷி. அவருடைய இருதய மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும் நான்தான். அதே நிறத்தில் சத்து மாத்திரையும் கடையில் கிடைக்கிறது. குளிர்காலம் முடிவதற்குள் அடக்கம் செய்தோம்.

விழாவில் மண்டபமே அழுதது. நானும் அழுதேன். ரோலோன் எழுந்து நின்று கைதட்டினார். வீட்டுக்கு வந்ததும் நிமியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தான் எப்படி வளர்ந்தோம் என்று ஒரு கலைஞருக்குத் தெரிய வேண்டாமா?

"கிளியையுமா?" என்றாள்.

பிறகு உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள்.

நேற்று உங்கள் காவலர் ஒரு சேதி சொன்னார். நிமியாவும் சுனில்தாவும் மறுபடி சேர்ந்துவிட்டார்களாம். "எல்லாம் துள்ளல் பாட்டுதான். சனம் எந்திரிச்சு ஆடுது" என்றார். எனக்குக் கவலையாக இருக்கிறது, ஐயா. புருஷன் ஜெயிலுக்குப் போவது எவ்வளவு பெரிய துக்கம். அது இன்னும் அவள் விரலுக்கு வந்து சேரவில்லை. நான் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் வரவைத்திருப்பேன்.