பல்காஷ்காரர் கேட்ட குதிரை

தாலாப்: மச்சான், போர்வையை எடுங்க. மதியம் ஆயிருச்சு.

எர்மெக்: வெளிச்சம் வந்துச்சா?

தாலாப்: வந்துச்சு. உங்களைப் பாத்துட்டு அதுவும் போய்ப் படுத்துக்கிச்சு.

எர்மெக்: நீயும் போயிரு மாப்ளே...

தாலாப்: போறேன், போறேன். உங்க தங்கச்சி மாவு உருட்டி பவுர்சாக் பொரிச்சு அனுப்பியிருக்கா. சூடு ஆறறதுக்குள்ள... ஆமா, இதென்ன கட்டிலுக்கு அடியில?

எர்மெக்: மோட்டார் சைக்கிள் பேட்டரி. ஷெட்ல விட்டா இந்தக் கரகந்தா குளிர்ல செத்துப்போகும்.

தாலாப்: நல்ல ஜோடி! ரெண்டு பேருமே சார்ஜ் இறங்கித்தான் கிடக்கீங்க.

எர்மெக்: சிரிப்பு வரலடா. ஒண்ணுமே வரல. சாப்பாடு இறங்கல, தூக்கம் இல்ல, முழிப்பும் இல்ல. ஏப்ரல் வரைக்கும் வண்டியைத் தொட முடியாது... வண்டி ஓட்டலேன்னா நான் யாருடா?

தாலாப்: வருஷா வருஷம் இப்படித்தானே? பழைய செயின், நட்டு, போல்டு எல்லாத்தையும் வெல்டு பண்ணி நாய், நரின்னு ஏதாவது செஞ்சுக்கிட்டு குளிரை ஓட்டிருவீங்களே.

எர்மெக்: இந்தத் தடவை கையே எழும்பல. வண்டியை வித்துரு.

தாலாப்: வண்டியையா!

எர்மெக்: ஆமாடா.

தாலாப்: இல்ல... ஆள் இருக்கு.

எர்மெக்: யாரு?

தாலாப்: பல்காஷ் ஊர்க்காரர் ஒருத்தர். ரொம்ப நாளா உங்களுது மாதிரி யூரல் வண்டி தேடறார். பனிப்புயல்ல ரோடு மூடிக்கிடக்கு இல்ல? திறந்ததும் வந்துருவார்.

எர்மெக்: அப்ப சரி. வாக்குக் குடுத்துரு.

தாலாப்: ஆனா... ஒரு நிபந்தனை. முன் மட்கார்டு மேல ஒரு குதிரை வேணுமாம். உங்க கையால செஞ்சது.

எர்மெக்: குதிரையா! பைத்தியமா அவன்?

தாலாப்: வாங்கறவர் கேக்கறார். அதுவும் பாயற குதிரை.

எர்மெக்: சும்மா பாயற குதிரைன்னுட்டா ஆச்சா? மொத்த எடையும் பின்னங்கால்ல நிக்கும். ஒரு பள்ளத்துல விழுந்தா ரெண்டு காலும் முறிஞ்சுரும். உள்ள கம்பி குடுத்து...

தாலாப்: எனக்கென்ன தெரியும் மச்சான்? நாளைக்கு ஷெட்ல அடுப்பு மூட்டி வெக்கறேன். வந்து காட்டுங்க.

* * *

தாலாப்: அடேயப்பா! முடிச்சிட்டீங்களா மச்சான்?

எர்மெக்: கதவைச் சாத்தாதே. வெயில் உள்ள வரட்டும். கூரையில பனி உருகிச் சொட்டுது பாரு.

தாலாப்: அதை விடுங்க... இந்தப் பிடரி! செயினா இது?

எர்மெக்: செயினேதான். நாலு தடவை பிரிச்சு மறுபடி வெல்டு பண்ணினேன். மூக்கைப் பாத்தியா?

தாலாப்: மூச்சு விட்டுரும் போல இருக்கு.

எர்மெக்: உன் பல்காஷ்காரன் இருக்கானே... ஒரு வாரம் காதை நீட்டச் சொன்னான், மறுவாரம் வாலைத் தூக்கச் சொன்னான். அந்த ஆளுக்காக மூணு வாலு பண்ணியிருக்கேன்டா!

தாலாப்: திட்டிக்கிட்டே பண்ணினீங்க. பண்ணிட்டு என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டீங்க. மாவு மூட்டை காலின்னு ரவ்ஷான் புலம்பறா.

எர்மெக்: என் தங்கச்சி, நான் சாப்பிடறேன். சரி, புதுசை முதல்ல பாத்தவன் நீதான். பாத்ததுக்குப் பரிசு குடுக்கணும்ல, பைகஸி எடு.

தாலாப்: அதானே பாத்தேன், சும்மா விடுவீங்களா! கேளுங்க. பைகஸின்னு கேட்டா மாட்டேன்னு சொல்லக் கூடாதே.

எர்மெக்: அந்த ஆளுக்கு ஃபோன் போட்டு... வண்டி கிடையாதுன்னு சொல்லிரு.

தாலாப்: என்னது! வாக்குக் குடுத்தாச்சு மச்சான்! நேத்துதான் ரோடு திறந்தாங்க. மனுஷன் பாதி தூரம் வந்திருப்பார்!

எர்மெக்: வேணும்னா குதிரையை எடுத்துட்டுப் போகட்டும். வண்டி என்னோடது. காலையில பேட்டரியை மாட்டி உதைச்சேன்... ஒரே உதை. அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுதுட்டேன்டா.

தாலாப்: ...நிஜமாவா?

எர்மெக்: ஃபோனை எடு.

தாலாப்: சிக்னல் இல்லையே...

எர்மெக்: இந்தா, என்னுது. நல்லா இருக்கு.

தாலாப்: நம்பர் ஞாபகம் இல்ல...

எர்மெக்: மாப்ளே!

தாலாப்: சரி, சரி! அந்த ஸ்பேனரைக் கீழ வெச்சிட்டுக் கேளுங்க. பல்காஷ்காரர்னு ஒருத்தரே கிடையாது. அன்னிக்கு நீங்க கிடந்த கோலத்தைப் பாத்து பயந்துபோய், வாயில வந்ததைச் சொல்லிட்டேன். காது, வாலு எல்லாம் என் வேலைதான். போதுமா?

எர்மெக்: வண்டி வாங்கறவன் எவனாவது இன்ஜினைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காம, குதிரை வாலையே கேட்டுக்கிட்டிருப்பானா? முதல் வாலு முடியறதுக்குள்ளயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

தாலாப்: அடப்பாவி மனுஷா! தெரிஞ்சுமா இன்னும் ரெண்டு வாலு பண்ணினீங்க? ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

எர்மெக்: சொல்லிட்டா... மறுநாள் நீ வராம போயிருவியோன்னு பயமா இருந்துச்சுடா.