எண்பதாயிரம் ரூபா வாட்ச்

பேட்டரி போடவா உங்கிட்ட வந்தேன்? இதுக்குப் பேட்டரியே கிடையாது தம்பி, அது எனக்கும் தெரியும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. கண்ணாடி தேஞ்சு, வார் மாத்தினது இருக்கே, இது எங்க வீட்டுக்காரரோடது. மூவாயிரம் ரூபா. காலையில சுபுஹு தொழுதுட்டு வந்து சாவி கொடுப்பாரு, மறுநா காலை வரைக்கும் ஓடும். பஜார்ல மிளகுத் தூசிக்குள்ள கிடந்தும் ஒரு நாள் நின்னதில்ல. அந்தப் பக்கம் ஜம்பமா மினுக்கிட்டு இருக்கு பாரு, அது எண்பதாயிரம். நின்னு போச்சு.

யாரு வாங்கினதா? எம் மருமக ஹிஸானா வீட்டுல. நிக்காஹ் அன்னைக்கு எம் மவன் ஷாஹிருக்குக் கட்டி விட்டாங்க. மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டறது எங்களுக்குள்ள முறை. அவ அத்தாவுக்குப் பாலக்காட்டுல ஜவுளிக்கடை, கேக்கணுமா. பொட்டியத் திறந்து ஒவ்வொருத்தர் மூக்குக்கும் நேரா நீட்டினாரு. ஆட்டோமேட்டிக்காம். சாவியே கொடுக்க வேண்டாமாம். இருபதாம் நாள் ஷாஹிர் துபாய்க்குப் போயிட்டான். ஹோட்டல் கிச்சன்ல நிக்கறவனுக்கு இது எதுக்குன்னு நாந்தான் வாங்கி, பட்டுத்துணியில சுத்தி அலமாரியில வச்சுப் பூட்டினேன். ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா செத்துக் கிடக்கு. ஆட்டோமேட்டிக்கா நின்னுருச்சு போல.

பின்னே, சொல்லாம இருப்பேனா? வீடு நிறைய விருந்தாளிங்க இருக்கறப்பவே சொன்னேன், டூப்ளிகேட்டைக் கட்டி ஏமாத்திட்டாங்கன்னு. அந்தப் பொண்ணு போயி மூணு வாரமாச்சு. நான் விரட்டலை. உங்க அத்தா பில்லைக் கொண்டு வந்து காட்டற வரைக்கும் இந்தப் படி ஏறாதேன்னேன், அவ்வளவுதான். இன்னைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் பள்ளிவாசல் மஹல் கமிட்டியில பேச்சு. அவரு பில்லோட பஸ் ஏறியாச்சாம், ரெண்டு மணிக்கு வைட்டிலா பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்குவாரு. பொண்ணு திரும்பி வருதா, தலாக் எழுதித் தீத்துட்டுப் போகுதான்னு இன்னைக்குத் தெரிஞ்சிரும்.

அதுக்குத்தான் கேக்கேன், இது டூப்ளிகேட்டுன்னு ஒரு கடுதாசி எழுதிக் கொடு. மலையாளம் எழுத வராதா? ஏழு வருஷமா மட்டாஞ்சேரியில சாயா குடிக்கே, இன்னும் பஸ் போர்டு படிக்க ஆளைத் தேடுறியா? பரவால்ல, தமிழ்ல எழுது. கமிட்டியில வயசான ரெண்டு பேரு வாசிப்பாங்க, சின்னவங்க அவங்க சொல்றதைக் கேட்டுக்கட்டும். பெரிய கடைக்கெல்லாம் போகாம உங்கிட்ட வந்ததே, நீ திருநெல்வேலிக்காரன், எங்க ஆளுங்க கிட்ட வாய் விடமாட்டேன்னுதான்.

பாக்காம எப்படி எழுதறதுன்னா, பாரேன். மூடியத் திற, பாரு. அதை எதுக்குக் கையில வச்சு... ஆட்டாதே. ஆட்டாதே தம்பி. போச்சு. ஓட ஆரம்பிச்சிருச்சு.

அசல்தானா? சரி, அசலாவே இருக்கட்டும். எண்பதாயிரத்தையும் கொடுத்துட்டு, அதுக்கு ஓடறதுக்கு ஒரு கையும் கொடுக்கணுமாக்கும். நல்ல பவுசு. இந்த மூவாயிரம் ரூபா வாட்ச் யார் கையையும் கேக்கலை, ரெண்டு விரல் போதும்.

ஆட்டினா ஓடும்னு எனக்கு முன்னாடியே எப்படித் தெரியும்னா? அவதான் சொன்னா. அன்னைக்கே சொன்னா. இது கேடு இல்ல மாமி, கையில கிடந்தாத்தான் ஓடும், அவங்க வர்ற வரைக்கும் நான் கட்டிக்கட்டுமான்னு கேட்டா. கேட்டுக்கிட்டே கட்டிட்டா. நாலு எட்டு வச்சா, அடுக்களைக்குப் போயிட்டு வந்தா, முள்ளு ஓடுது. எம் மவன் வாட்ச்சு. நான் பொத்திப் பொத்திப் பூட்டி வச்சா செத்துப் போகுது, நேத்து வந்தவ கட்டினா உயிர் வருது. அதை தினம் சோறு போடறப்ப நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?

கொஞ்ச நேரத்துல தானா நின்னுரும்னு எனக்கும் தெரியும். கமிட்டியில எவனாவது கையில எடுத்தா மறுபடி ஓடுமே. கடுதாசி வேண்டாம். அந்தச் சின்ன ஸ்குரூ டிரைவரை எடு, உள்ளே இருந்து ஏதாவது ஒண்ணை எடுத்துட்டு மூடிக் கொடு.