ஏழாவது குழியில் நான் அடித்த மணி

என்ன பேசப்போகிறேன் என்று அறியாமலேயே என்னை நம்பி மேடையேற்றிய திடல் குழுவின் தலைவர் அவர்களே! அவருக்கு அருகே அமர்ந்திருக்கும் விடுதி மேலாளர் அவர்களே! மலையேறி வந்து மட்டை பிடிக்கும் என் ஆட்டத் தோழர்களே! புல்லைப் பேணிப் பாதுகாக்கும் பணியாளப் பெருமக்களே! பெரியோர்களே, தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும், சலவைக்கூடச் சீருடையோடு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டே இருக்கும் என் தங்கையே! அனைவருக்கும் வணக்கம்.

மூன்று மாதமாக மூடிக்கிடந்த ஏழாவது குழியை இன்று திறக்கிறோம். பாதுகாப்பைப் பற்றி ஐந்து நிமிடம் பேசு என்றார்கள். ஆட்டக்காரர் சங்கச் செயலாளன் நான். ஒலிபெருக்கி கிடைத்தால் விடாக்கண்டன் என்று பெயரெடுத்தவன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், கொஞ்ச நேரம்தான்.

நமது கோல்ஃப் திடல் கோமான்களின் திடலா? இல்லை! பொதுத் திடல்! சீட்டு வாங்கிய எவரும் ஆடலாம். கணக்கு வாத்தியார் நான் ஆடுகிறேன். பல் மருத்துவர் ஆடுகிறார். பேருந்து ஓட்டுநர் ஆடுகிறார், ஆடி நம் எல்லோருடைய மானத்தையும் வாங்குகிறார். மலைமேல் காற்று மெலிந்தது. சமவெளியில் சுருண்டு விழும் பந்து இங்கே சீறிப் பறக்கும். பந்தோடு நம் தலைக்கனமும் பறக்கும்.

ஏழாவது குழியோ மேட்டுக்கு அப்பால். அடிப்பவனுக்குக் குழியைச் சுற்றிய புல்தரை, அதாவது கிரீன், தெரியாது. கிரீனில் நிற்பவனுக்கு அடிப்பவன் தெரியமாட்டான். அதனால்தான் அங்கே ஒரு மணி. முன்னே ஆடியவர்கள் முடித்து, கொடியை நட்டு, ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் விலகிய பிறகு அதை அடிக்க வேண்டும். மணி கேட்ட பிறகுதான் பின்னே நிற்பவர் பந்தை அடிக்கலாம். இது சட்டம்.

நம் வழக்கம் என்ன? பின்னால் நிற்பவரைக் காக்க வைப்பது கௌரவக் குறைவு! அதனால் நடந்துகொண்டே அடிக்கிறோம். பேசிக்கொண்டே அடிக்கிறோம். திரும்பிப் பாராமல் அடிக்கிறோம். அடித்துவிட்டு அதற்கு நாகரிகம் என்று பெயரும் வைக்கிறோம். அப்படி அடிக்காத ஆட்டக்காரர் இந்த அவையில் இருந்தால் கை தூக்குங்கள்! ஓட்டுநர் ஐயா, நீங்களா? சரி, இறக்குங்கள், எதிரே பல் மருத்துவர் முறைக்கிறார்.

அந்தக் கிரீனைப் பார்த்துக்கொண்டவர் ஒருவர். கன்னத்தைப் புல்லில் பதித்துப் படுத்து மேடு பள்ளம் பார்ப்பார். அதனால் நாம் அவரை 'மட்டப்பலகை' என்று கூப்பிட்டோம். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, காலை பத்தரை மணி. உயரத்திலிருந்து விழுந்த என் பந்து கிரீனில் ஒரு பள்ளம் பறித்தது. பறித்தவன்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். நான் குனியவில்லை. அவர் குனிந்தார்.

"சார், ஒரு நிமிஷம். இத மட்டும் மூடிட்டு வந்துடறேன்" என்றார்.

"சரிப்பா, பாத்துச் செய்" என்றேன்.

சொன்னது நான். அவர் சொன்னதைக் கேட்டதும் நான். பத்தடி நடந்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து "என்னங்க, தூங்கிட்டீங்களா?" என்று ஒரு குரல். மணியின் கயிறு கைக்கு எட்டியது. அடித்தேன்.

வேண்டாம், கைதட்ட வேண்டாம். இது கைதட்டும் இடமில்லை.

மேட்டைத் தாண்டி வந்த பந்து முழங்காலிட்டிருந்தவரின் பின்தலையில் விழுந்தது. மருத்துவமனை வாசலை எட்டும்முன் உயிர் போய்விட்டது. பந்தை அடித்தவர் ஒரு வங்கி ஊழியர். மணி கேட்டுத்தான் அடித்தார். ஆனாலும் அன்றிலிருந்து அந்தப் பெண் மட்டையைத் தொடவில்லை.

விசாரணையில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "மணி அடிச்சப்போ கிரீன் காலியா இருந்துச்சா?"

நாவன்மை மிக்கவன் நான். ஒரே சொல்லில் பதில் சொன்னேன். "ஆமாங்க."

அந்த ஒரு சொல்லை நம்பி அறிக்கை எழுதினார்கள்: 'மணி அடித்த பின்னர் பணியாளர் கவனக்குறைவாக உள்ளே நுழைந்தார்.' அந்த அறிக்கை இதோ இந்த மேசையில் இருக்கிறது.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். 'முடித்துக்கொள்ளவும்.' ஐயா, மூன்று மாதமாக நான் இதை முடிக்க முடியாமல்தான் தவிக்கிறேன். இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்தருளுங்கள்.

பதினைந்து நாள் கழித்து, இறந்தவருடைய மனைவி விடுதி நடைபாதையில் என்னை நிறுத்தினார். கையில் சலவை செய்து மடித்த துண்டுகள், மோவாய் வரை. "சார், அவரக் கடைசியா பாத்தது நீங்கதான். இத்தனை வருஷம் மணிச் சத்தம் கேட்டா ஒரு அடி உள்ள வைக்க மாட்டாரு. அன்னைக்கு மட்டும் ஏன் சார் போனாரு? காலையில கெளம்பறப்போ நான் ஒரு வார்த்த பேசிட்டேன். 'நீ இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்'னு சொல்லிட்டேன். அதனாலயா சார், தெரிஞ்சே போயிட்டாரா?"

அவையோரே, அப்போதாவது நான் வாய் திறந்தேனா? திறந்தேன். "எல்லாம் விதிம்மா" என்றேன். சொல்லிவிட்டு, தாமதமாகிவிட்டது என்று ஆடப் போனேன். இந்த நாக்கை வைத்துக்கொண்டுதான் நாற்பது மேடைகளில் அறம் பேசினேன். வெட்கமாக இருக்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். தலைவர் அவர்களே, எழுந்துவந்து வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கையில் 'கவனக்குறைவு' என்ற சொல் அப்படியே இருக்கட்டும். அதற்கு முன்னால் இருக்கும் ஆளை மாற்றுங்கள். செயலாளர் பதவியையும் இத்தோடு விடுகிறேன். காவல் நிலையத்தில் கேட்டால் அங்கேயும் இதையே சொல்வேன்.

நேரத்தைக் கொடுத்த அவைக்கும், பாதியில் எழுந்து போகாத பெரியோருக்கும், இனி அந்த மேட்டில் பொறுமையாகக் காத்திருக்கப் போகிறவர்களுக்கும் என் நன்றி. தாய்மார்களே, ஐயன்மார்களே, வணக்கம்.

தங்கச்சி, உனக்கு மட்டும் மேடைத் தமிழ் வேண்டாம்மா. மணி அடிச்ச பிறகு அவரு உள்ள போகல. அவரு உள்ள இருக்கறப்போ நான் அடிச்சேன். நீ பேசின வார்த்தைக்கும் அவரு செத்ததுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா.